தெருக்கூத்துப் பார்த்த அனுபவத்தை எழுதும் முறை

புரிசை போன்ற ஊர்களில் இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தைப் பார்த்து எழுத விரும்புவோர், கதைச் சுருக்கத்தை இரண்டு வரிகளில் முடித்துக்கொள்ள வேண்டும். கர்ணன் போரில் மடிவதைச் சொல்லும் ‘கர்ண மோட்சம்’ கூத்தின் கதையைப் பலரும் அறிவர், அன்றிரவு அது எப்படி நிகழ்ந்தது என்பதே அவர்கள் அறியாதது. ஆட்டத்தின்போது குறிப்பேட்டில் தலை கவிழ்ந்திருக்காமல், விடிந்ததும் உறங்குவதற்கு முன்பாகவே எழுதிவிடுங்கள்.

என் கணிப்பில், மிகுந்த கவனத்துக்குரியது திரைப் பிரவேசம். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து பாடத் தொடங்கும் கர்ணன், திரை விலகியதும் தோளில் கட்டிய கட்டைகளும் காலில் கட்டிய சலங்கையும் அதிரச் சுழன்று ஆடும் அந்தச் சில நிமிடங்களில், மத்தளம் அவரது ஆட்ட அடவைத் தாங்கி நின்றதா, முகவீணை என்னும் சிறு ஊதுகருவி குரலோடு இழைந்ததா, மூச்சு வாங்கியபோது பின்பாட்டுக்காரர்கள் பாட்டின் அடியை ஏந்திக்கொண்டார்களா என்று பிரித்து எழுதுங்கள். வெறுமனே ‘அருமையாக ஆடினார்’ என்றால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது.

கூத்தை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியக்காரனின் நகைச்சுவையில் உள்ளூர்ச் செய்தி எதைத் தொட்டபோது கூட்டம் சிரித்தது என்பதையும் சேருங்கள். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம் உங்களை உருக்கவில்லையெனில், பாட்டு நீண்டதாலா, ஒலிபெருக்கியின் இரைச்சலாலா என்ற காரணத்தோடு, கலைஞரின் உழைப்பை மதிக்கும் சொற்களில், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.