பஞ்சகர்மா: பேதிக்குப் பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

ஆடி மாதம், அதாவது மலையாளக் கர்க்கிடகம் பிறந்ததும் பாலக்காடு, திருச்சூர் வைத்தியசாலைகளுக்கு எண்ணெய்ச் சிகிச்சையும், உடலைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத முறையான பஞ்சகர்மாவும் தேடிப் பலர் கிளம்புகிறார்கள். முதல் முறை போகிறவர்கள் வருஷா வருஷம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். போலி வைத்தியரிடம் போகாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம், விட்டுவிடுவோம்.

பேதியான அன்றே பரோட்டா

காலையில் வெறும் வயிற்றில் மருந்து நெய், பெரும்பாலும் 30 மில்லியில் தொடங்கி 3 முதல் 7 நாள் வரை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு எண்ணெய் தேய்ப்பு, வியர்வை, கடைசியில் பேதி மருந்து. இத்தனையையும் முகம் சுளிக்காமல் முடித்தவர், "வயிறு சுத்தமாயிடுச்சு, இனி நல்லா சாப்பிடலாம்" என்று ஊர் திரும்பும் வழியிலேயே பரோட்டாவும் பீஃப் வறுவலும் வாங்குகிறார். மறுநாள் உப்புசம், வாந்தி. பழி ஆயுர்வேதத்தின் மேல்!

பேதியில் நீரும் உப்பும் இறங்கியிருக்கும். வைத்தியர் கணக்கில் அக்னி மந்தம், அதாவது செரிக்கும் சக்தி குறைந்திருக்கும். அதனால்தான் நன்றாகப் பேதியானவருக்கு 12 வேளைப் பத்தியம், அன்று மாலையே தொடக்கம். முதல் 3 வேளை அரிசி 1 பங்குக்குத் தண்ணீர் 14 பங்கு வைத்த நீர்க்கஞ்சி. அடுத்த 3 வேளை ஒன்றுக்கு நான்காகக் குழைந்த கஞ்சி. பிறகு 3 வேளை பாசிப்பயறுச் சாறு. முதலில் வெறுமனே, அப்புறம் உப்பும் நெய்யும் சேர்த்து. கடைசி 3 வேளை கறிச்சாறு, சைவர்களுக்குக் கெட்டிப் பயறுச் சாறு. ஏழாம் நாள் மாலைதான் வழக்கமான சோறு. பேதி நடுத்தரமென்றால் 8 வேளை, குறைவென்றால் 4. பசிக்காமல் அடுத்த வேளையைத் தொடக் கூடாது.

லீவு போடும்போதே இந்த நாட்களையும் சேர்த்துப் போடுங்கள். 'மூன்று நாள் பஞ்சகர்மா' விளம்பரத்தில் நெய் குடிக்கும் நாட்களே அடங்காது. அது எண்ணெய் மசாஜ். மசாஜில் தப்பில்லை, பெயரில்தான் தப்பு.

சுகர், பிபி மாத்திரை

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் பேதி நாளில் சாப்பாடு இருக்காது. வழக்கமான சுகர் மாத்திரையைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அன்றைய அளவை முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

சிரோதாரை (நெற்றியில் எண்ணெய் தாரையாக ஊற்றுவது) முடிந்ததும் ஏசி

வேண்டாம்.

லேபிள் பார்க்காத பஸ்பம் (உலோகம், தாதுக்களைப் புடமிட்ட மருந்துப் பொடி)

அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உற்பத்தி உரிம எண் இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள். மருத்துவக் கண்காணிப்பில் சாப்பிடவும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவுக்கு அதை விழுங்காதீர்கள்.