மார்கழி சீசனில் தன்னார்வலரா? மேடை வேலையைக் கேட்டு வாங்குங்கள்

சென்னையில் கர்நாடக இசைக் கச்சேரிகள் குவியும் டிசம்பர் சீசனில் தன்னார்வலராக வேலை செய்ய நினைக்கும் மாணவர்கள் பலர், டிசம்பர் பிறந்த பிறகுதான் கச்சேரி நடத்தும் சபாக்களின் படியேறுகிறார்கள். அதற்குள் வேலை பிரித்தாகியிருக்கும். அக்டோபரிலேயே செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும் என்பதுதான் அதில் முக்கியம். சங்கீத ஆர்வத்தைப் பற்றிய பத்தியை யாரும் படிப்பதில்லை. தேர்வு நாட்களைக் கழித்துவிட்டே தேதி கொடுங்கள். ஒப்புக்கொண்டு வராமல் போனவருக்கு மறுவருடம் இடமில்லை. பெரிய சபாக்களில் பழகிய ஆட்கள் இருப்பார்கள். கைக்கு ஆளில்லாமல் திண்டாடுவது சிறிய சபாக்கள்தான், அங்கேதான் கற்கவும் நிறைய உண்டு.

வாசல் வேலைக்கு ஒரே விதி: பாட்டின் நடுவே ஆளை உள்ளே விடாதீர்கள், கைதட்டல் எழும்போது விடுங்கள். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்பும் கூட்டத்தை யாராலும் நிறுத்த முடியாது. கதவு அறையாமல் கையால் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

மேடை வேலை வேறு ரகம். இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே சில நாள் 15 நிமிடம்தான் கிடைக்கும். அடுத்த குழுவில் யார் யார், என்னென்ன வாத்தியம் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். பாடகருக்கும் வயலினுக்கும் ஒவ்வொரு மைக், மிருதங்கத்துக்கு வலந்தலை (வலக்கை வாசிக்கும் முகம்), தொப்பி (இடக்கை வாசிக்கும் முகம்) என இரண்டு, கடமோ கஞ்சிராவோ இருந்தால் இன்னொன்று. மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்வது வழக்கம்; அப்போதுதான் வலந்தலை ரசிகர்களைப் பார்க்கும். அவர் இடக்கைக்காரர் என்றால் வயலினும் மிருதங்கமும் இடம் மாறும். இதை முன்கூட்டியே கேட்காவிட்டால், திரை தூக்கும் நேரத்தில் ஒயரை எல்லாம் மாற்றிப் போட வேண்டிவரும். மைக்கைக் கழற்றும் முன் அந்தச் சேனலை மியூட் செய்யும்படி ஒலிக்காரரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று வெடிக்கும்.

மிருதங்கத்தின் தொப்பியில் அப்புவதற்கான ரவையைப் பிசையச் சிறு கிண்ணத்தில் தண்ணீர் தயாராக இருக்கட்டும். கச்சேரி முடிந்ததும் அந்த ரவையைச் சுரண்டி எடுப்பார்கள். ஜமக்காளத்தில் உதிர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் அடுத்தவர் பட்டுப்புடவையில் ஒட்டும், இரவில் எறும்பு வரும். பாடகருக்கு வெந்நீர் ஃபிளாஸ்க். வாத்தியத்தைக் கேட்காமல் தொடாதீர்கள், நகர்த்திக்கூட வைக்காதீர்கள். சுருதி சேர்த்த பிறகு ஏ.சி.யைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குளிரும் ஈரமும் மாறினால் தோலும் தந்தியும் சுருதி விலகும், முதல் பாட்டிலேயே மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் சுத்தியலைத் தேட வைக்கும்.

சம்பளம் எதிர்பார்க்காதீர்கள், டிபன், காபி, மீதி நேரத்தில் கச்சேரி கேட்கும் இடம், இவைதான் வழக்கம். சான்றிதழைப் பற்றி மட்டும் சேரும்போதே பேசிவிடுங்கள். ‘தன்னார்வலராகப் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரி வேலை தேடும்போது உதவாது. ‘12 நாள், 60 மணி நேரம், மேடை ஏற்பாடு, ஒலி உதவி’ என்பதுபோல உங்கள் கணக்கு அதில் வர வேண்டும். தினமும் செய்த வேலையை நோட்டில் குறித்து, கடைசி நாள் வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டுங்கள். சீசன் முடிந்தபின் செயலாளரைப் பிடிப்பது டிக்கெட் பிடிப்பதைவிடக் கஷ்டம்.