இருட்டு வீட்டுக்குள்ளிருந்து வெயில் வயலைப் படமெடுக்க

செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் ஓட்டு வீட்டுக்குள் நின்று, வாசல் வழியே வயலையும் மலையையும் படமெடுத்தால் ஒன்று போய்விடும். வயல் தெளிந்தால் மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல் கரிக்கட்டை. ஆட்டுக்கல் தெரிந்தால் மலை வெள்ளைத்தாள்.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒளியை எலக்ட்ரானாகச் சேர்க்கும் சின்னத் தொட்டி. தொட்டி 50,000 எலக்ட்ரான் கொள்ளும், கணக்கெடுக்கும்போது 3 எலக்ட்ரான் அளவு இரைச்சல் சேரும் என்று வைத்துக்கொண்டால், அது பதியக்கூடிய மிக இருட்டுக்கும் மிக வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 14 ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி. போன் பிக்சலின் தொட்டி இதைவிட மிகச் சிறியது. வழிந்த ஒளியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டிலோ இரைச்சலோடாவது ஏதோ மிஞ்சியிருக்கும். அதனால் முதலில் வெளிச்சத்தைக் காப்பாற்றுங்கள். பிறகு அதே காட்சியைக் கூடுதல் ஒளியில் சில படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் மென்பொருளில் ஒன்றாகச் சேருங்கள்.

கேமராவை டிரைபாடில் நிறுத்தி மேனுவல் மோடு, ரா ஃபைல் (சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு), ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் என்ற லென்ஸ் துளைக்கு எஃப் 8 வையுங்கள். ஃபோகஸும் ஒயிட் பேலன்ஸும் மாறாமல் பூட்டுங்கள். ஸ்டெபிலைசரை அணைத்து, 2 விநாடி டைமர் போடுங்கள். மேகத்தைப் பார்த்து, ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி ஏறாத ஷட்டர் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அது 1/500 என்றால் அடுத்தடுத்து 1/125, 1/30, 1/8. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 4 மடங்கு ஒளி. நான்கு படத்தில் 6 ஸ்டாப் கூடிவிடும். ஆட்டுக்கல்லின் குழி இன்னும் தெரியவில்லையா, 1/2-ம் எடுங்கள். மாற்ற வேண்டியது ஷட்டரை மட்டும்தான். அப்பர்ச்சரைத் தொட்டால் மங்கலாகும் அளவு மாறி, விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சாரில் விழும் ஒளி அதிகமாகாது, வெளிச்சப் பக்கம்தான் சீக்கிரம் வெளுக்கும்.

ஆடிச் சாரலில் ஆரியங்காவு கணவாய்க் காற்று தென்னையைச் சும்மா விடாது. படங்களைச் சேர்க்கும்போது ஒரே ஓலை மூன்று பேய் ஓலையாக நிற்கும். மென்பொருளில் இந்தப் பேய் உருவத்தை நீக்கும் டீகோஸ்டிங்கைப் போட்டு, ஓலை நன்றாக விழுந்த 1/500 படத்தை அடிப்படையாகக் கொடுங்கள். நிலைச்சட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் வந்தால், சேர்த்த வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குள் அடக்கும் டோன் மேப்பிங் மிஞ்சிவிட்டது, குறையுங்கள்.

போனில் எடுப்பவர்கள் வயலைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கையை ஆட்டாமல் பிடித்தால் போதும். போனே குறைந்த நேரத்தில் எடுத்த பல படங்களை அடுக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் இருட்டு சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், லென்ஸைப் பாருங்கள். வாசல் வெளிச்சம் கண்ணாடிக்குள் சிதறி நிழலில் படிந்திருக்கும். ஃபில்டரைக் கழற்றி, சாரல் துளியை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி எடுங்கள்.