கென்யப் பிளவுப் பள்ளத்தாக்கின் அடியில் மேலோட்டை ஈர்ப்பு அளவீட்டால் ஆராயும் முறை

கென்யப் பிளவுப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஈர்ப்பை அளந்தால் வரைபடத்தில் இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஒன்று, பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய எதிர்மறைப் பூகே பிறழ்வு, அதாவது உயரத்துக்கும் இடையிலுள்ள பாறைக்கும் திருத்திய பிறகும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும் ஈர்ப்பு. இன்னொன்று, அதன் நடுவில் பள்ளத்தாக்கின் அச்சை ஒட்டிச் சில பத்து மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) எழும் குறுகிய மேடு. இதே எதிர்மறைப் பிறழ்வை வைத்துத்தான் 1936இல் புவி இயற்பியலாளர் எட்வர்ட் புல்லார்ட், பக்கவாட்டு அழுத்தம் பள்ளத்தாக்கைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது என்றார். உண்மையில் அது இழுவிசையால் பிளந்த நிலம். ஈர்ப்பு எண்கள் மட்டும் ஒரே விடையைத் தந்துவிடாது. இந்த வேலையில் இறங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்.

அளவைக் கோடு கிழக்கு மேற்காகக் குறைந்தது 300 கி.மீ. போகட்டும். மேலோடும் அதன் கீழுள்ள மூடகமும் சந்திக்கும் மோகோ எல்லை 35 கி.மீ. ஆழத்தில் இருந்தால் அதன் தாக்கம் அகலமாகப் பரவும். பள்ளத்தாக்கின் தோள்களோடு, அதாவது இரு பக்க உயர் விளிம்புகளோடு, கோட்டை நிறுத்தினால் பின்னணி எது, பிறழ்வு எது என்று பிரிக்கவே முடியாது. பள்ளத்தாக்குத் தளத்தில் 1 கி.மீ.க்கு ஒரு அளவு நிலையம், வெளியே 5 கி.மீ.க்கு ஒன்று போதும்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அடிநிலையத்துக்கு (ஒப்பிடுவதற்கென வைத்த நிலையான இடம்) திரும்பி வந்து அளவெடுங்கள். சூரியன், சந்திரன் ஈர்ப்பால் வரும் மாற்றத்தை நீக்கும் ஓதத் திருத்தம் போட்ட பிறகு அடிநிலைய அளவு காலை 8:10க்கு 3214.562, 10:50க்கு 3214.602 மில்லிகால் என்று வைத்துக்கொள்வோம். 160 நிமிடத்தில் ஈர்ப்பு அளவுக் கருவி காட்டும் எண் 0.040 நகர்ந்திருக்கிறது. எனவே 9:30க்கு எடுத்த அளவிலிருந்து 0.020ஐக் கழிக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கினால் அளவு திடீரென ஒரு படி தாவும். அதைச் சீரான நகர்வாக நினைத்துப் பங்கிட்டால் அந்தச் சுற்று முழுவதும் கெட்டுவிடும். சந்தேகம் வந்த உடனே முந்தைய நிலையத்துக்குப் போய் மறுபடி அளங்கள்.

பெரும்பாலான பிழைகள் உயரத்தில்தான் ஒளிந்திருக்கின்றன. உயரத் திருத்தம் மீட்டருக்கு 0.3086 மில்லிகால். அடர்த்தி 2.67 (கன செ.மீ.க்கு கிராம்; கீழே வரும் அடர்த்திகளும் இதே அலகில்) என்று வைத்து, கடல்மட்டத்துக்கு மேலுள்ள பாறைக்கான பூகே தகட்டுக்கு 0.1119 போனால் மிச்சம் 0.1967. உயரம் அரை மீட்டர் தவறினால் 0.1 மில்லிகால் பிழை. ஜிபிஎஸ் தருவது பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியான நீள்கோளத்திலிருந்து எடுத்த உயரம், பழைய வரைபடங்கள் தருவது கடல்மட்ட உயரம். இரண்டையும் கலந்துவிட்டால், 10 மீட்டர் வித்தியாசமே கோட்டின் நடுவில் 2 மில்லிகால் போலிப் படியை உண்டாக்கும். அதை நிலப்பிளவு என்று வரைந்துவிடுவது மிக எளிது. பழைய தரவைச் சேர்க்கும்போது இன்னொரு கண்ணி: அந்தத் தரவுக்கு அடிப்படையான பழைய போட்ஸ்டாம் ஈர்ப்பு அடிமட்டம் 1971ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஈர்ப்பு வலையமைப்பைவிட 14 மில்லிகால் அதிகம். நிலநடுக்கோடு அருகில் இருப்பதால், அட்சரேகையில் சிறு பிழை வந்தாலும் இங்கே பெரிதாகப் பாதிக்காது.

பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்து எல்கேயோ சரிவு போல ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் இடங்களில், சுற்றியுள்ள மேடு பள்ளங்களின் ஈர்ப்புக்கான நிலவமைப்புத் திருத்தம் இல்லாத தரவு பயன்படாது. 167 கி.மீ. தூரம் வரை கணக்கிடுங்கள். செயற்கைக்கோள் உயரத் தரவின் 30 மீட்டர் கட்டங்களில் நிலையத்தை ஒட்டிய மேடு பள்ளம் தெரியாது. அதை அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். சரிவின் விளிம்பில் கருவியை வைக்கவே வேண்டாம்.

அளவுகளை விளக்க நிலத்தடி மாதிரி கட்டும்போது மேலிருந்து கீழே வாருங்கள். பள்ளத்தாக்கை நிரப்பிய எரிமலைச் சாம்பலும் படிவும் 3 கி.மீ. தடிமன், அடர்த்தி சுற்றுப்பாறையைவிட 0.3 குறைவு என்றால், அகலமான தகட்டுக் கணக்கில் அதுவே சுமார் 38 மில்லிகால் குறைக்கும். மோகோ 5 கி.மீ. உயர்ந்து, அடர்த்தி வேறுபாடு 0.4 ஆக இருந்தால் 84 மில்லிகால் கூடும். ஆக, நிரப்பை விட்டுவிட்டு மாதிரி கட்டினால் மோகோ ஆழம் 2 கி.மீ.க்கு மேல் தவறும்.

அடுத்து நில அதிர்வு ஆய்வின் துணை. கென்யப் பிளவை நில அதிர்வு அலைகளால் ஆராய்ந்த கிரிஸ்ப் (KRISP) திட்டத்தின் 1990 அளவீடுகளில் மேலோடு நைவாஷா பக்கம் சுமார் 35 கி.மீ., துர்கானா பக்கம் சுமார் 20 கி.மீ. தடிமன். மோகோவை அந்த எண்களில் கட்டிப்போடுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் மூடகத்தின் மேற்பகுதியில் நில அதிர்வு அலைவேகம் வழக்கத்தைவிடக் குறைவு, நொடிக்கு 7.5 முதல் 7.7 கி.மீ.தான். எனவே அங்கே மூடக அடர்த்தியைப் பக்கங்களைவிடக் குறைவாக வையுங்கள். அகலமான எதிர்மறைப் பிறழ்வில் பெரும்பகுதியை அதுவே விளக்கிவிடும்.

அதன் பிறகும் மிஞ்சும் நடு மேட்டுக்குத்தான் மேலோட்டுக்குள் ஊடுருவிய அடர்ந்த பாறையைச் சேர்க்க வேண்டும். அதன் அடர்த்தியை 0.05 கூட்டியும் குறைத்தும் மாதிரியை மறுபடி ஓட்டி, ஊடுருவலின் தடிமன் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அளவீட்டோடு சமமாகப் பொருந்தும் மாதிரிகள் இரண்டு மூன்று கிடைத்தால், அத்தனையையும் அறிக்கையில் வரைந்து காட்டுங்கள்.