புனித உபால்தோவைப் பற்றி எழுதுமுன்: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

மே மாதம் நெருங்கினால் இத்தாலியின் குப்பியோ நகர ஆயர் புனித உபால்தோவைப் பற்றி இரண்டு மூன்று கட்டுரைகளாவது என் மேசைக்குத் திருத்தத்துக்கு வரும். எழுதுகிறவர்கள் இளைஞர்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக வந்து விழுகிறார்கள். எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவற்றை மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடுகிறவைதான் என் கவலை.

‘மெழுகுவர்த்தித் திருவிழா’

குப்பியோவில் மே 15 அன்று நடப்பது ‘சேரி’ ஓட்டம். அந்த இத்தாலியச் சொல்லுக்கு மெழுகுவர்த்திகள் என்று பொருள் என்பதால், ஆயிரம் சுடர்கள் அசையும் அழகிய பவனி ஒன்றைக் கற்பனை செய்து எழுதிவிடுகிறார்கள். அங்கே மெழுகே இல்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள மூன்று மரத் தூண்கள். உச்சியில் உபால்தோ, ஜார்ஜ், அந்தோனியார் சுரூபங்கள். தோளில் சுமந்து நகரத் தெருக்களில் ஓடி, கடைசியில் இஞ்ஜினோ மலையில் இருக்கும் பேராலயம்வரை ஏறுகிறார்கள்.

‘பந்தயம்’ என்றும் எழுதாதீர்கள். வரிசை மாறவே மாறாது. முதலில் உபால்தோ, பின் ஜார்ஜ், கடைசியில் அந்தோனியார். ஒருவர் மற்றவரை முந்த இடமில்லை. மலையுச்சியில் பின்னால் வருகிறவர்கள் நுழைவதற்குள் ஆலயக் கதவைச் சாத்திவிட உபால்தோ அணியினர் படும் பாட்டில்தான் போட்டியெல்லாம்.

எந்த அந்தோனியார்?

பதுவை நகரத்து அந்தோனியார் அல்லர். எகிப்தின் பாலைவனத் துறவியான வனத்து அந்தோனியார்.

பெயரை நம்பி ஆளை முடிவு செய்வது

இதைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என்மேலேயே.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ‘தான்’ என்றொரு ஊர். (தமிழில் வெறுமனே ‘தான்’ என்று எழுதினால் வாக்கியம் தடுமாறும்; தான் நகரம் என்றே எழுதுங்கள்.) அவ்வூரின் பாதுகாவலர் பெயர் புனித தியேபோ. ஆயர் உபால்தோ 1160 மே 16 அன்று இறந்த பிறகு அவருடைய பணியாள் மோதிரத்தைக் கழற்ற, விரலும் சேர்ந்து வந்துவிட்டதாம். அதைக் கைத்தடிக்குள் மறைத்துக்கொண்டு வடக்கே ஊர் திரும்புகிறான். 1161-இல் வழியில் ஒரு மரத்தடியில் தடியைச் சாய்த்து உறங்கி எழுந்தால் தடி அசையவில்லை. மரத்தின்மேல் தெரிந்த மூன்று ஒளிகளைக் கோட்டையிலிருந்து பார்த்த பிரபு அங்கே ஒரு சிற்றாலயம் கட்டுகிறார். இது அவ்வூரின் தோற்றக் கதை. அதன் நினைவாக ஜூன் 30 மாலை மூன்று மரங்களை இன்றும் எரிக்கிறார்கள். ஆக, தான் நகரத்துத் தியேபோ வேறு யாருமல்லர், நம் உபால்தோதான்.

ஆனால் தியேபோ என்பது தியோபால்து என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம். அந்தப் பெயரில் உண்மையாகவே இன்னொரு புனிதர் இருக்கிறார். பிரான்சில் ப்ரொவான் நகரத்துப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. நண்பனோடு வீட்டை விட்டுப் போய், கொத்தனார்களுக்குக் கல் சுமந்து, கரி சுட்டு, கடைசியில் இத்தாலியில் விச்சென்சாவுக்கு அருகே துறவியாக 1066-இல் இறந்தவர். அவர் திருநாளும் ஜூன் 30. போதாக்குறைக்கு, குப்பியோவில் உபால்தோவுக்குப் பின் ஆயராகி, அவர் வாழ்க்கையை எழுதியவர் பெயரும் தெயோபால்தோ.

நான் மூவரையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டினேன். ஒரு பங்கின் திருவிழா மலரில், “உபால்தோ இளமையில் கொத்தனார்களுக்குக் கல் சுமந்தார், திருநாள் ஜூன் 30” என்று எழுதினேன். உபால்தோ பிறந்தது 1084 வாக்கில். கல் சுமந்தவர் அதற்கு முன்பே இறந்துபோய்விட்டார். ஆண்டுகளை அருகருகே எழுதியிருந்தால் பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். அந்தப் பங்கில் உபால்தோ என்று ஞானஸ்நானப் பெயர் கொண்ட ஒரு பெரியவர், என் கட்டுரையை நம்பி மூன்று ஆண்டுகள் ஜூன் 30 அன்று பூசைக்குப் பணம் கொடுத்தார். இத்தாலியில் படித்துத் திரும்பிய ஒரு குருவானவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அடுத்த மலரில் கால் பக்கத் திருத்தம் போட்டேன். யாரும் படிக்கவில்லை.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த ஆண்டு வந்த கட்டுரை ஒன்றில் “கொத்தனார்களுக்குக் கல் சுமந்தார்” என்று இருந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்டேன். அந்தத் தம்பி பழைய மலரின் நகலை மரியாதையோடு நீட்டினார்.

இப்போதெல்லாம் முதலில் ஒரு துண்டுத்தாளில் இறந்த ஆண்டு, இறந்த ஊர், ஆயரா துறவியா என்ற மூன்றையும் குறித்துக்கொள்கிறேன். பெயரைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

‘சாந்த சொரூபி’

உபால்தோவின் வாழ்க்கையிலும் கொத்தனார்கள் வருகிறார்கள், வேறு விதமாக. நகர மதில் வேலை தம் திராட்சைத் தோட்டத்தைச் சேதப்படுத்துகிறது என்று அவர் சொல்லப் போக, வேலைத் தலைவன் ஆயரைச் சாந்துக் குழம்பில் தள்ளிவிட்டான். அவர் பேசாமல் எழுந்து போனார். நம்மவர்கள் “என்னே பொறுமை!” என்று இங்கேயே முடித்துவிடுகிறார்கள். பிற்பாதிதான் முக்கியம். ஊர் கொதித்து அவனைத் தண்டிக்கக் கிளம்பியபோது, வழக்கை விசாரிக்கும் உரிமை தமக்கே என்று ஆயர் பிடித்துக்கொண்டார். பிறகு அவனுக்குக் கொடுத்த தண்டனை ஒரு சமாதான முத்தம். அதிகாரம் எது, எப்போது எடுப்பது என்று நன்றாகத் தெரிந்த மனிதர் அவர். பெரூஜியாவின் ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்று கேட்டுக்கொள்ள உரோமைக்கே போனவர். 1155-இல் ஸ்பொலேத்தோவை அழித்துவிட்டு வந்த பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவை முதிய வயதில் நேரே போய்ச் சந்தித்து, குப்பியோவைக் காப்பாற்றியவர். அவரை வெறும் பசுவாக்கிவிடாதீர்கள்.

ஓநாய்

குப்பியோவை அச்சுறுத்திய ஓநாயைப் பணியவைத்த கதையையும் உபால்தோமேல் ஏற்றிவிடுகிறார்கள். அது அசிசி பிரான்சிஸ் கதை. உபால்தோ இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகே பிரான்சிஸ் பிறந்தார்.

வெண்கலப் பட்டயங்கள்

குப்பியோவில், பண்டை இத்தாலியின் உம்பிரிய மொழியில் சடங்குகள் பொறித்த ஏழு பழைய பட்டயங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி, சேரி ஓட்டம் கிறிஸ்துவுக்கு முந்தைய சடங்கு என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது ஓர் ஊகம் என்றே எழுதுங்கள்.

தாந்தே

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘அருளாளர் உபால்தோ தேர்ந்த குன்று’ என்ற வரியை மேற்கோள் காட்டலாம். ஆனால் அவர் அங்கே உபால்தோவைப் பாடவில்லை, பிரான்சிஸின் ஊரான அசிசிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்.