ஏ.பி. ஐரோப்பிய வரலாறு: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் கற்பிக்கப்படும் ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) ஐரோப்பிய வரலாற்றுப் பாடம், ஏறத்தாழ 1450இல், மறுமலர்ச்சிக் காலத்தில் தொடங்கி இன்றைய ஐரோப்பா வரை நீள்கிறது. ஆண்டுகளையும் அரசர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தால் போதும் என்று எண்ணிச் சேரும் மாணவர்கள் விரைவிலேயே திணறிப்போகிறார்கள்.

மே மாதத் தேர்வில் 55 கொள்குறி வினாக்களுக்கு 55 நிமிடங்களே தரப்படுகின்றன. குறுவினாக்களும் ஒரு நெடுங்கட்டுரையும் உண்டு. எனினும் மாணவரின் திறனை உண்மையில் அளப்பது, 7 ஆவணங்களைப் படித்து ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டிய கட்டுரைதான். மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அதற்கே உரியது.

எடுத்துக்காட்டாக, 1525ஆம் ஆண்டின் ஜெர்மானிய உழவர் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். பண்ணையடிமை முறையிலிருந்து விடுதலை கேட்டு உழவர்கள் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளையும், அவர்களை அடக்குமாறு ஆட்சியாளர்களைத் தூண்டி கிறித்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதியதையும் சுருக்கிச் சொல்வதால் மட்டும் முழு மதிப்பெண் கிடைக்காது. இளவரசர்களின் பாதுகாப்பில் வாழ்ந்த லூத்தர் யாரை நோக்கி, என்ன நோக்கத்தில் அப்படி எழுதினார் என்பதை விளக்கி, அதைத் தம் வாதத்தோடு இணைக்க வேண்டும்.

ஆகவே முதல் வாரத்திலிருந்தே, படிக்கும் ஒவ்வோர் ஆவணத்தின் ஓரத்திலும் எழுதியவர், வாசகர், நோக்கம் ஆகியவற்றை ஒரே வரியில் குறித்து வையுங்கள். கடந்த ஆண்டுகளின் கட்டுரை வினாக்களையும் மாதிரி விடைகளையும் இத்தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அவற்றை மதிப்பெண் வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.