தேர்வு பயம்: புது டியூஷன் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் டியூஷனில் இந்த வருடம் புதிதாக இரண்டு பேர் பாடம் எடுக்க வந்திருக்கிறார்கள். நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"படிச்சிருந்தா எப்படி மறக்கும்?"

இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எரிச்சல் வருகிறது. ஒரு காலத்தில் அதிகம் கேட்டவனே நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி காரணிப்படுத்தும் கணக்கை எழுதாமல் விட்டிருந்தாள். தேர்வு முடிந்து மாடிப்படியில் நின்று அதே கணக்கைக் கடகடவென்று வாயால் சொன்னாள். நான் நம்பவில்லை. யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பத்து முறை இம்போசிஷன் கொடுத்தேன். அடுத்த தேர்வில் அந்தப் பாடத்துக் கேள்வி எதையும் அவள் தொடவில்லை. பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தாள்.

கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்துவைக்க மூளையில் இருக்கும் இடம் சின்னது. 'ஃபெயிலானா அப்பா என்ன சொல்வார்' என்ற நினைப்பும் அங்கேதான் வந்து உட்காருகிறது. லீபர்ட், மாரிஸ் என்ற உளவியலாளர்கள் 1967-லேயே தேர்வு பயத்தைக் கவலை, உடம்பின் படபடப்பு என இரண்டாகப் பிரித்தார்கள். மார்க்கைக் குறைப்பது பெரும்பாலும் கவலைதான். வியர்த்த கையோடு நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகளும் உண்டு.

சரி, உண்மையிலேயே படிக்காதவனும் "படிச்சேன் சார், மறந்துடுச்சு" என்றுதான் சொல்வான். பேப்பரை வாங்கிய கையோடு தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு மார்க் இல்ல" என்று அதே கணக்கைக் கொடுங்கள். போட்டுவிட்டால் பயம். திணறினால் பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும்.

"பயப்படாதே"

சொல்லி யாருக்கும் போனதில்லை.

திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வது

கண்ணுக்குப் பழகியது தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் காலை வாரும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் செய்த சோதனையில், மறுபடி வாசித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகமிருந்தது. புத்தகத்தை மூடி எழுதச் சொல்லுங்கள், மார்க் போடாமல்.

மார்க்கைச் சத்தமாக வாசிப்பது

பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நமக்கு எதற்கு?

முதல் 10 நிமிடம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிடம் உண்டு. பிள்ளைகள் அதில் தெரியாத கேள்வியைத்தான் தேடுகிறார்கள். நன்றாகத் தெரிந்த மூன்றை முதலில் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். இதை மாதிரித் தேர்விலேயே பழக்க வேண்டும். ஆனால் புது ஆட்கள் "டைம் வேஸ்ட் சார்" என்று முதலில் வெட்டுவதே அந்த 10 நிமிடத்தைத்தான்.